நீரைப் பரிசோதித்த எலன் சுவாலோ

எலன் ஹென்றியெற்றா சுவாலோ 1842 டிசெம்பர் 3 ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. அவர்களுடைய கடையில் வேலை பார்த்தும் பிறருக்குப் படிப்பித்தும் காசு சேர்த்து, 25 ஆவது வயதில்தான் வாசர் பெண்கள் கல்லூரிக்குப் போக முடிந்தது. 1870 இல் பட்டம் பெற்றார்.

அடுத்து அவர் நாடியது பொஸ்ரனிலிருந்த மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம். அதுவரை அங்கே பெண் எவரும் படித்ததில்லை. இரசாயனவியல் பயில விசேட மாணவியாக அனுமதித்தார்கள்; கட்டணமும் அறவிடவில்லை. சலுகை என்றுதான் எலன் எண்ணினார். யாராவது ஆட்சேபித்தால் அவர் எங்கள் மாணவியே அல்ல என்று சொல்லிவிடலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது என்பது பின்னர்தான் அவருக்குத் தெரியவந்தது. ஆண் மாணவர்களுக்குப் புறம்பாக வைத்தே படிப்பித்தார்கள். மேசை துடைத்து, கிழிந்ததைத் தைத்துக் கொடுத்துப் பேராசிரியர்களின் மனத்தை இளக்கினார் என்று படிக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. 1873 இல் பட்டம் கிடைத்தது. மேலும் இரண்டு ஆண்டுகள் அங்கேயே படித்தும் கலாநிதிப் பட்டம் கிடைக்கவில்லை.

1875 இல் அங்கு சுரங்கப் பொறியியல் கற்பித்த பேராசிரியர் றொபேட் றிச்சட்ஸை மணந்தார். அடுத்த ஆண்டு, பொஸ்ரன் பெண்கள் கல்விச் சங்கத்தின் பண உதவியுடன், பெண்களுக்கென ஓர் ஆய்வுகூடம் அங்கே திறக்கப்பட்டது. எலன் சம்பளமின்றிக் கற்பித்தார். வீட்டை விட்டு வரமுடியாத பெண்களுக்குத் தபால் மூலமும் விஞ்ஞானம் படிப்பித்தார். நிறுவகம் பெண்களை ஆண்களோடு சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் 1883 இல் அந்த ஆய்வுகூடம் மூடப்பட்டது.

வைத்தியராக என்னை மிகவும் கவர்ந்தது அவருடைய நீராய்வு. 1887 இல் மாநில சுகாதார சபைக்காக மசாசூசெற்ஸ் முழுவதிலுமிருந்து நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான போத்தல்களின் பரிசோதனையை ஆய்வுகூடத்தில் நின்று நடத்தியவர் எலன். கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகப் போக நீரில் இயல்பாக உள்ள குளோரைட்டு ஓர் ஒழுங்கில் குறைவதை அவர் கண்டார். அதைப் படத்தில் கோடுகளாக வரைந்தார். ஓர் இடத்தின் கிணற்றில் அந்த அளவை விடக் கூடுதலாக இருந்தால் மனிதக் கழிவு கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நெருப்புக்காய்ச்சல் பரவிய காலத்தில் இது எவ்வளவு பெரிய எச்சரிக்கை! சுண்ணக்கல் நிலத்தில் கிணறும் மலக்குழியும் அருகருகே வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. (கடல் நம்மைச் சூழ்ந்திருப்பதால் குளோரைட்டை மட்டும் நம்பி இங்கே முடிவு சொல்ல இயலாது, நைத்திரேற்றையும் பார்க்கவேண்டும்.)

ஜேர்மனியரான ஹெக்கல் 1866 இல் உண்டாக்கிய சூழலியல் என்ற சொல்லை 1892 இல் பொஸ்ரன் மக்கள் முன் வைத்தவரும் எலனே. வீட்டின் காற்று, நீர், உணவு எல்லாவற்றையும் அதற்குள் அடக்கினார். உயிரியலாளர்கள் அச்சொல்லை வேறு வழியில் கொண்டுபோனார்கள். அவருடைய கருத்து மனையியலாக வளர்ந்தது.

1884 இல் சுகாதார இரசாயனவியல் போதனாசிரியராக நியமிக்கப்பட்ட அவர், விரிவுரையும் செய்முறையுமாக 27 ஆண்டுகள் கற்பித்து, 1911 மார்ச் 30 இல் இருதய நோயால் காலமானார். அன்றும் அவர் போதனாசிரியர்தான். பேராசிரியர் பதவி கொடுக்கப்படவில்லை.