இரு கைகள் போதும்
(டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் வாழ்க்கை வரலாறு)

திருவள்ளூரில் இரயிலேறி, அரக்கோணம் கடந்து, காட்பாடியில் இறங்கினால் வேலூர் அண்மையில்தான். நம் பகுதியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் நோய்க்குத் தீர்வு தேடி அந்தப் பயணத்தை மேற்கொண்டுள்ளன. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அறியாதவர் நம்மிடையே இல்லை. அம்மருத்துவமனையில் மருத்துவராகவும் நோயாளியாகவும் ஒருசேர வாழ்ந்து, முதுகெலும்பு முறிந்தோருக்குப் புதுவாழ்வின் வாயிலைத் திறந்துவைத்த பெண்மணியே டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்.

அம்மையார் 1925 ஆம் ஆண்டு கேரளக் கடலோரச் சிற்றூராகிய செராயில், இறைப்பற்று மிக்க கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெண்களுக்கென்று டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918 இல் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, பின்னாளில் கல்லூரியாக வளர்ந்திருந்தது. அங்கே பயின்று மருத்துவரான மேரி, மகளிர் நோய் மருத்துவத்தில் சிறந்து விளங்க வேண்டும் என்று எண்ணியிருந்தார். தாய்மாருக்குப் பணி செய்வதே தம் வாழ்வின் நோக்கம் என்று அவர் முடிவு செய்திருந்த காலம் அது.

1954 ஆம் ஆண்டு ஜனவரி மாதம். இளம் மருத்துவர்கள் சிலர் விடுமுறை நாளொன்றைக் கழிக்க மகிழ்ச்சியுடன் வண்டியில் புறப்பட்டனர். மேரியும் அவர்களுள் ஒருவர். வழியில் வண்டி விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழமான காயம். அதைவிடக் கொடியது, முதுகில் பட்ட அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. காலையில் நடந்து சென்று வண்டியேறிய பெண், அதன்பின் தம் கால்களைத் தம்முடையவை என்று உணரவே இல்லை.

அன்பு மாணவியரே, இவ்வாறு ஏன் நேர்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. மணிமாலைபோல் கோக்கப்பட்ட சிற்றெலும்புகளின் வரிசை. கழுத்தில் 7, விலா எலும்புகள் வந்து சேரும் மேல் முதுகில் 12, இடுப்பில் 5; அவற்றின்கீழே ஒன்றோடொன்று இணைந்த எலும்புகள். இவற்றின் நடுவே உள்ள குழாய் போன்ற வழியில், நம் சுண்டுவிரல் பருமனில், ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளத்தில், தண்டுவடம் இறங்குகிறது. மூளையின் கட்டளைகள் கைகால்களுக்குச் செல்வதும், தொடுதலும் வலியும் மூளைக்குத் திரும்புவதும் இதன் வழியாகவே.

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நசுங்கினால் கை, கால் நான்குமே செயலிழக்கக்கூடும், மூச்சுவிடுவதும் கடினமாகலாம். அதற்குக் கீழே முதுகுப் பகுதியில் நசுங்கினால் கால்கள் போகும், கைகள் தப்பும். ஆகவே மருத்துவர் முதலில் ஊசிமுனையால் தோலை மெல்லத் தொட்டு, உணர்ச்சி எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்கிறார். எந்தெந்தத் தசைகள் அசைகின்றன என்று சோதிக்கிறார். சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார். எக்ஸ்ரே படம் எலும்பு முறிவைக் காட்டும், இக்காலத்து எம்.ஆர்.ஐ. படம் தண்டுவடத்தையே காட்டும். எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும். ஆனால் தண்டுவடம் அறுபட்டால் அதை மீண்டும் பொருத்தும் வழியை மருத்துவ உலகம் இன்றுவரை கண்டறியவில்லை.

மருத்துவராகிய மேரிக்கு இது நன்றாகவே தெரியும். அதுவே அவருடைய பெருந்துன்பம்! அறுவைச் சிகிச்சைகள் அவர் நிமிர்ந்து உட்கார உதவின. கால்களைத் திருப்பித் தரவில்லை. படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில் அவர் அழுதார், இறைவனிடம் மன்றாடினார், இனித் தம்மால் யாருக்கு என்ன பயன் என்று கலங்கினார். துறவியரும் புனிதருமே கடந்துவந்த இருண்ட இரவுதான் அது.

அப்போது அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் கற்று, 1946 இல் வேலூருக்கு வந்தவர் அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்து புகழ்பெற்றவர். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே! இந்த எளிய உண்மையை அவர் மேரிக்கு எடுத்துக்காட்டினார். சக்கர நாற்காலி அறுவை அரங்கினுள் சென்றது. கால் இழந்த பெண், கை இழந்தவர்களுக்குக் கை கொடுத்தார். ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளிகள், தங்களைவிட எளிய நிலையில் அமர்ந்திருந்த மருத்துவரைக் கண்டு மனம் தேறினர்.

அம்மையார் அத்துடன் நிறைவடையவில்லை. தம்மைப்போல் முதுகெலும்பு முறிந்த ஏழைகளின் கதி என்ன என்ற கேள்வி அவரை உறங்கவிடவில்லை. பனையிலிருந்தும் புளியமரத்திலிருந்தும் விழுந்தவர்கள், கிணற்றில் தவறி விழுந்தவர்கள், தலைச்சுமையோடு சரிந்தவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே மடிந்துகொண்டிருந்தனர். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் முறிவு அன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த்தொற்றுமே. இவற்றைத் தடுக்க முடியும் என்பதை இங்கிலாந்தில் டாக்டர் லுட்விக் குட்மன் 1944 முதல் நடத்திவந்த மருத்துவப் பிரிவு உலகுக்கு உணர்த்தியிருந்தது.

மேரி அம்மையார் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, பிறர் உதவியின்றி வாழும் பயிற்சியைத் தாமே பெற்றார். பின்னர் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். தாயகம் திரும்பி 1963 இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966 இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நம் நாட்டில் இத்துறையின் முன்னோடி நிலையங்களுள் அதுவும் ஒன்று எனலாம்.

அங்கு நடந்தது அற்புதம் அன்று, அயராத உழைப்பு. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தனர். உணர்ச்சியற்ற தோலை நாள்தோறும் பார்வையிடக் கற்பித்தனர். தோள்களையும் கைகளையும் வலுவாக்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறப் பழக்கினர். வீடு திரும்பியபின் பிழைப்பதற்கு ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தனர். மனம் ஒடிந்து கிடந்த இளைஞனுக்கு நீண்ட அறிவுரை தேவைப்படவில்லை. சக்கர நாற்காலியில் அவன் கட்டிலருகே வந்த மருத்துவரே அவனுக்கு மருந்தானார்.

இந்திய அரசு 1972 இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துப் பெருமைப்படுத்தியது. 1986 டிசம்பரில் அவர் இறைவனடி சேர்ந்தார். பாகாயத்து நிலையம் இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

மாணவியரே, இந்த வரலாறு நமக்குத் தொலைவானது அன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உயரத்தில் நின்று வேலை செய்யும் தந்தையரும் அண்ணன்மாரும் நமக்கு உண்டு. கனரக வண்டிகள் விரையும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே செல்கிறது. உயரத்திலிருந்து விழுந்தவரையோ சாலையில் அடிபட்டவரையோ கண்டால், பரிவு மிகுதியால் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். உட்காரவைக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 108 ஐ அழையுங்கள். நெருப்போ மோதும் வண்டியோ போன்ற ஆபத்து நெருங்கினாலன்றி, உதவி வரும்வரை அவரை இடம் மாற்றலாகாது. தப்பவிருந்த தண்டுவடம், அவசரமாகத் தூக்கும் நம் கைகளால் அறுந்துபோகக் கூடாதல்லவா?

இழந்த கால்களுக்காக மேரி அம்மையார் இறைவனிடம் மன்றாடினார். கால்கள் திரும்பவில்லை. எஞ்சியிருந்த இரு கைகளை அவரிடமே ஒப்படைத்தார். அக்கைகளால் எழுந்து அமர்ந்தோர் எத்தனை பேர்! நம்மிடம் இல்லாததை எண்ணிச் சோரும் வேளையில், இருப்பதை எண்ணிப் பார்ப்போம். அதைக் கொண்டு பிறருக்கு உதவுவோம்.