அமானத்தைக் காத்த தலைவர் ஹஜ்ரத் யூஷஉ பின் நூன் (அலை)

தலைமை என்று சொன்னவுடன் நமக்குப் படையும் கொடியும், மேடையும் மாலையும்தான் நினைவுக்கு வருகின்றன. மார்க்கத்தின் பார்வையிலோ தலைமை என்பது ஓர் அமானத். பிறருடைய உரிமைகள் ஒருவரின் கையில் ஒப்படைக்கப்படுவதற்கே தலைமை என்று பெயர். ஊர் ஜமாஅத்தின் முத்தவல்லிக்கும் இது பொருந்தும். நான்கு பேர் கொண்ட சிறு குடும்பத்தின் தகப்பனுக்கும் இது பொருந்தும். இந்த அமானத்தை இளமை முதல் இறுதி மூச்சு வரை சுமந்து, உரியவர்களிடம் சேதமின்றிச் சேர்த்துவிட்டுச் சென்ற ஒரு பெரியாரின் வரலாற்றை நாம் இங்கே சிந்திப்போம்.

அவர்கள்தாம் ஹஜ்ரத் யூஷஉ பின் நூன் (அலை). யூசுஃப் நபி (அலை) அவர்களின் மகன் இஃப்ராயீமின் வழியில் வந்தவர்கள். மூஸா நபி (அலை) அவர்களுக்கு ஊழியராக இருந்து, பின்னர் அவர்களுடைய கலீஃபாவாக ஆனவர்கள். கிறிஸ்தவர்கள் இவர்களை யோசுவா என்று அழைக்கிறார்கள். அவர்களுடைய வேதாகமத்தில் இப்பெயரால் 24 அதிகாரங்கள் கொண்ட தனி நூலே உண்டு. உறுதியான விசுவாசத்திற்கும், தைரியத்திற்கும், இறைவனின் சட்டத்தை இரவும் பகலும் ஓதி நடப்பதற்கும் இவர்களையே முன்மாதிரியாகக் கொண்டு அவர்கள் தம் பிள்ளைகளுக்குப் போதிக்கிறார்கள்.

நம் திருமறையில் இவர்களின் பெயர் கூறப்படவில்லை. ஆனால் இவர்களைப் பற்றிய குறிப்பு இரண்டு இடங்களில் வருவதை விரிவுரையாளர்கள் எடுத்துக் காட்டியுள்ளார்கள். ஹதீஸ்களில் பெயரோடும் வந்துள்ளது. வேதக்காரர்கள் கூறும் செய்திகளில், நம் மறை உறுதிப்படுத்துவதை நாம் ஏற்போம். அது மறுப்பதை மறுப்போம். அது மௌனமாக இருப்பதை மெய்யென்றோ பொய்யென்றோ முடிவு கட்டாமல் படிப்பினையை மட்டும் எடுத்துக் கொள்வோம். இதுவே நம் இமாம்கள் காட்டிய வழி. இவ்வழியில் நின்றே நாம் இவ்வரலாற்றைக் கூறுகிறோம்.

ஊழியத்தில் தொடங்கிய வாழ்வு

கஹ்ஃப் அத்தியாயத்தில், ஹிள்ரு (அலை) அவர்களைத் தேடி மூஸா நபி (அலை) அவர்கள் புறப்பட்ட பயணம் சொல்லப்படுகிறது. அப்பயணத்தில் உடன் சென்ற வாலிபர் யூஷஉ பின் நூன் அவர்களே என்று புகாரி ஷரீஃபில் காண்கிறோம். உணவுக்கான மீனைச் சுமந்து வருவது அவர்களின் பொறுப்பு. மீன் காணாமற்போகும் இடமே தேடிச் செல்லும் இடத்தின் அடையாளம். ஒரு பாறையருகே மூஸா நபி ஓய்வெடுத்தபோது மீன் கடலில் சென்று விட்டது. அதைச் சொல்ல மறந்துவிட்ட அவர்கள், மறுநாள் காலையில் உணவு கேட்கப்பட்டபோது நடந்ததை மறைக்காமல் கூறினார்கள். மீன் தவறி விழுந்தது என்றோ, யாரோ எடுத்துச் சென்றார் என்றோ ஒரு காரணத்தைக் கற்பிக்கவில்லை. அந்த உண்மைதான் மூஸா நபியை அவர்கள் தேடிய இடத்திற்குத் திருப்பி அழைத்துச் சென்றது.

பிற்காலத்தில் ஒரு சமுதாயத்தையே சுமக்கப் போகிறவருக்கு அல்லாஹுத்தஆலா முதலில் சுமக்கக் கொடுத்தது ஒரு மீன் கூடையைத்தான். சிறிய அமானத்தில் உண்மையாக இருந்தவர்களிடமே பெரிய அமானத் வந்து சேர்கிறது.

செய்தியும் ஓர் அமானத்

பனூ இஸ்ராயீல் மக்கள் மிஸ்ரிலிருந்து விடுதலையான பின், வாக்களிக்கப்பட்ட புனித பூமியைப் பார்த்து வரக் கோத்திரத்திற்கு ஒருவராக 12 பேர் அனுப்பப்பட்டதாக வேதாகமம் கூறுகிறது. 40 நாட்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, இருவர் தடியில் கட்டித் தூக்கி வரும் அளவுக்குப் பெரிய திராட்சைக் குலையோடு அவர்கள் திரும்பினார்கள். பூமி செழிப்பானது என்பதில் பன்னிருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பத்துப் பேர் அங்குள்ளவர்களை அரக்கர்களாக வருணித்து, அவர்கள் முன் தாங்கள் வெட்டுக்கிளிகள் போலிருந்ததாகச் சொல்லி மக்களின் நெஞ்சில் பயத்தை விதைத்தார்கள். யூஷஉ, காலேப் ஆகிய இருவர் மட்டும் அல்லாஹ்வின் வாக்கை நினைவூட்டி மக்களை அழைத்தார்கள். மக்களோ அவ்விருவரையும் கல்லால் அடிக்க எழுந்தார்கள்.

திருக்குர்ஆன் மாயிதா அத்தியாயத்தில், அல்லாஹ்வை அஞ்சிய இரு மனிதர்கள் வாசல் வழியாக நுழையுமாறும் தவக்குல் வைக்குமாறும் கூறியதாக அறிவிக்கிறது. அவ்விருவரும் இவர்களே என்று விரிவுரையாளர்கள் கூறுவர். அந்தச் சமூகம் மறுத்தது. 40 ஆண்டுகள் பாலைவனத்தில் தட்டழிந்தது. ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டு பத்ருப் போருக்கு முன் மிக்தாத் (ரலி) அவர்கள், மூஸா நபியின் சமூகத்தைப் போல் நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம் என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் உறுதி கூறியது இந்நிகழ்ச்சியை மனத்தில் கொண்டுதான்.

பத்துப் பேருடைய சொல் ஒரு தலைமுறையைப் பாலைவனத்தில் புதைத்தது. கேட்டதையும் கண்டதையும் கூட்டிக் குறைத்துப் பரப்புகின்றவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கனீமத்தில் கை வைத்தவர்கள்

மூஸா நபி (அலை) அவர்கள் புனித பூமிக்கு ஒரு கல்லெறி தூரத்திலாவது தம்மை நெருக்கி வைக்குமாறு இறைவனிடம் வேண்டி, அங்கே வஃபாத்தானார்கள். அதன்பின் யூஷஉ (அலை) அவர்கள் மக்களை நடத்திக் கொண்டு யர்தன் நதியைக் கடந்தார்கள். முதலில் எதிர்ப்பட்ட நகரம் எரிகோ என்று வேதாகமம் கூறும். இன்று பாலஸ்தீனத்தில் அரீஹா என்ற பெயரோடு, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 250 மீட்டர் தாழ்வான பள்ளத்தாக்கில் அவ்வூர் இருக்கிறது.

அந்த வெற்றிப் பொருளில் எவரும் கை வைக்கக் கூடாது என்று கட்டளை இருந்தது. ஆகான் என்பவன் ஓர் அழகிய ஆடையையும், 200 சேக்கல் வெள்ளியையும், 50 சேக்கல் எடையுள்ள பொன்னையும் எடுத்துத் தன் கூடாரத்தினுள் மண்ணில் புதைத்தான். அதனால் அடுத்த ஊரில் படை தோற்று 36 பேர் மாண்டார்கள் என்கிறது வேதாகமம்.

நம் பெருமானார் (ஸல்) அவர்கள் முன்சென்ற ஒரு நபியைப் பற்றிக் கூறிய வரலாறு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அந்த நபி, வீடு கட்டிக் கூரை போடாதவரும், புதிதாக மணம் முடித்து இன்னும் இல்லறம் தொடங்காதவரும், சினை ஆடுகளை வாங்கி அவை ஈனக் காத்திருப்பவரும் தம்மோடு வர வேண்டாம் என்றார்கள். அஸர் நேரத்தில் ஊரை நெருங்கியபோது, வெற்றி கிட்டும் வரை சூரியன் அவர்களுக்காக நிறுத்தி வைக்கப்பட்டது. கனீமத்துப் பொருளைத் திரட்டியபோது அதை எரிக்க வந்த நெருப்பு எரிக்காமல் நின்றது. யாரோ மோசடி செய்திருப்பதை அறிந்த அந்த நபி, கோத்திரத்திற்கு ஒருவரிடம் கைலாகு வாங்கினார்கள். குற்றவாளியின் கை ஒட்டிக் கொண்டது. பசுவின் தலை போன்ற பொன் வெளியே வந்தது. அதைச் சேர்த்த பிறகே நெருப்பு எரித்தது. அந்த நபி யூஷஉ (அலை) அவர்களே என்பது முஸ்னது அஹ்மதில் உள்ள ஹதீஸின் துணையால் தெளிவாகிறது.

பொதுப் பொருளில் ஒருவர் செய்த துரோகம் முழுச் சமூகத்தின் வெற்றிக்கும் தடையானது. பள்ளிவாசல் உண்டியலும், மதரஸாவின் சந்தாப் பணமும், வக்ஃபு நிலத்தின் குத்தகையும் இப்படிப்பட்ட பொருள்களே. கைபரை அடுத்து, கனீமத்திலிருந்து எடுத்த செருப்பு வாரைக்கூட நெருப்பு வார் என்று நம் பெருமானார் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள்.

வாக்கும் அமானத்தே

கிபியோன் என்ற ஊரார், பூசணம் பிடித்த ரொட்டியையும் பிய்ந்த செருப்பையும் காட்டி, தாங்கள் தொலைதூர நாட்டவர்கள் என்று நம்பவைத்துச் சமாதான உடன்படிக்கை செய்து கொண்டதாக வேதாகமம் சொல்கிறது. மூன்று நாள் கழித்து, அவர்கள் பக்கத்து ஊரார் என்று தெரிந்தது. மக்கள் கொதித்தார்கள். ஆனால் ஆணையிட்டுக் கொடுத்த வாக்கு முறிக்கப்படவில்லை. பிறகு ஐந்து அரசர்கள் கிபியோன் மீது படையெடுத்தபோது, யூஷஉ இரவு முழுவதும் நடந்து சென்று அவ்வூரைக் காத்தார்கள். சூரியன் நிறுத்தப்பட்டது அந்தப் போரில்தான் என்பது வேதாகமத்தின் கூற்று. நம் ஹதீஸ் அதைப் பைத்துல் முகத்தஸை நோக்கிய பயணத்தோடு சேர்க்கிறது. அது எவ்வாறாயினும், ஏமாற்றி வாங்கப்பட்ட வாக்கையும் காப்பதற்கு ஒரு படை இரவெல்லாம் நடந்தது என்ற செய்தி, எழுதிக் கொடுத்த கடனையே மறுக்கும் நம் காலத்தவருக்குப் பாடமல்லவா?

பெண்களின் பங்கு

இனி நம் வீடுகளுக்கு மிக அவசியமான பகுதிக்கு வருகிறோம். போர்கள் ஓய்ந்தபின் நிலம் கோத்திரங்களுக்குப் பங்கிடப்பட்டது. அப்போது செலொப்பியாத் என்பவரின் ஐந்து பெண்மக்கள் யூஷஉ அவர்கள் முன் வந்து நின்றார்கள். அவர்களின் தகப்பனாருக்கு ஆண்பிள்ளை இல்லை. தகப்பனின் பங்கு தங்களுக்கு உண்டென்று மூஸா நபி காலத்திலேயே தீர்ப்பாகியிருந்ததை அவர்கள் நினைவூட்டினார்கள். தீர்ப்பளித்தவர் மறைந்துவிட்டார்; ஆண்டுகள் பல ஓடிவிட்டன; கேட்பவர்களோ பெண்கள். தட்டிக் கழிக்க நினைப்பவருக்கு இத்தனை காரணங்கள் போதும். ஆயினும் அவர்களின் தந்தையுடைய சகோதரர்களுக்கு மத்தியில் அவர்களுக்கும் நிலம் அளந்து கொடுக்கப்பட்டது. எல்லாருக்கும் பங்கிட்டு முடித்த பிறகே, கடைசியில், மலைநாட்டில் ஓர் ஊர் யூஷஉ அவர்களுக்குக் கிடைத்தது என்றும் வேதாகமம் கூறுகிறது. கையில் அளவுகோல் வைத்திருந்தவர் தமக்கென்று கடைசியில்தான் அளந்தார்.

தவ்ராத்தின் சட்டத்தில் மகன் இல்லாதபோதே மகளுக்குப் பங்கு. நம் ஷரீஅத்திலோ மகன் இருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு. நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் அதை ஒதுக்கப்பட்ட பாகம் என்று கூறி, தன் வரம்புகளை மீறுவோரை நரகத்தைக் கொண்டு எச்சரிக்கிறான். அப்படியிருக்க, நம்மிடையே நடப்பது என்ன? கலியாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம் என்று கணக்குச் சொல்லிச் சகோதரியின் ஹக்கை முடித்துவிடுகிறோம். அவள் வெட்கத்தால் வாய் திறவாததைச் சம்மதம் என்கிறோம். விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக் கொண்டு, அவள் மனமுவந்து விட்டுக் கொடுத்தாள் என்று ஊருக்குச் சொல்கிறோம். சகோதரர்களே! முதலில் அவளுடைய பாகத்தை அளந்து அவள் கையில் கொடுங்கள். பிறகு அவளாக எதைத் தந்தாலும் அது அன்பளிப்பு. கொடுக்குமுன் வாங்கும் கையெழுத்து, கூடாரத்தில் புதைத்த பொன்னுக்கு ஒப்பானது.

இறுதிச் சபை

முதுமையடைந்த யூஷஉ (அலை) அவர்கள் கோத்திரங்களைக் கூட்டி, யாரை வணங்கப் போகிறீர்கள் என்பதை இன்றே தீர்மானியுங்கள் என்று கேட்டு, தாமும் தம் குடும்பமும் ஏக இறைவனையே வணங்குவோம் என்று அறிவித்ததாக வேதாகமம் கூறுகிறது. கிறிஸ்தவர் பலர் இந்த அறிவிப்பை எழுதித் தம் வீடுகளில் மாட்டி வைத்திருப்பதை நாம் காணலாம். யஃகூப் நபி (அலை) அவர்களும் மரணத் தறுவாயில் தம் மக்களிடம் இதே கேள்வியைக் கேட்டதாகத் திருமறை கூறுகிறது. பிள்ளைகளின் ஈமானும் பெற்றோர் கையிலுள்ள அமானத்தே. 110 வயதில் அவர்கள் மறைந்தபோது, பிறர் பொருள் எதுவும் அவர்கள் பொறுப்பில் மிஞ்சியிருக்கவில்லை.

நம்மிடம் யாருடைய ஹக்கு தங்கியிருக்கிறது என்று இன்றிரவே நாம் எண்ணிப் பார்ப்போம். அதை நம் கையாலேயே உரியவரிடம் சேர்க்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.