நூறு நாள், நூறு பாட்டு: பாம்பன் சுவாமிகள்



பாம்பன் சுவாமிகள்னு சொன்னாலே நமக்கு சண்முக கவசமும், ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைத்த மயில் தரிசனமும்தான் ஞாபகம் வரும். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் எழுத ஆரம்பித்த கதை.

அவருடைய இயற்பெயர் அப்பாவு. கந்த சஷ்டி கவசம் படிக்கிற சிறுவனுக்கு, நாமும் முருகனைப் பாடணும்னு ஆசை வந்தது. ஒரு காலையில் தென்னந்தோப்பில் உட்கார்ந்து பனை ஓலையில் முதல் பாட்டை எழுதினார்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். தினமும் ஒரு பாட்டு எழுதிய பிறகே மதியச் சாப்பாடு என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். நூறு நாளில் நூறு பாட்டு! ஒவ்வொன்றின் முடிவிலும் தன் மானசீக குரு அருணகிரிநாதர் பெயரை வைத்தார்.

அதைப் பார்த்த சேதுமாதவ ஐயர் அவருக்கு ஆறெழுத்து மந்திரத்தை உபதேசித்தார். வடமொழியும் படிக்கச் சொன்னார். நமக்குத்தான் பாட வருதேன்னு இருக்காமல், அதையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

பிறகு கல்யாணம், மூன்று குழந்தைகள், குடும்பப் பொறுப்பு. எழுத்து நிற்கவில்லை. 1891-ல் இல்லறத்தில் இருக்கும்போதுதான் சண்முக கவசம் பிறந்தது. உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 என்ற வரிசையில் அதில் 30 பாடல்கள். வடசொல்லே கலக்காமல் 'சேந்தன் செந்தமிழ்' என்று ஒரு நூலும் பாடினார். ரெண்டு மொழியும் தெரிந்தவர் வேணும்னே எடுத்துக்கொண்ட கஷ்டம் அது.

1923 டிசம்பரில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, சென்னை தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டி ஏறி கால் முறிந்தது. பிழைப்பதே கஷ்டம்னு டாக்டர்கள் நினைத்தார்கள். அன்பர்கள் அவருக்காகப் பாராயணம் செய்தது, அவரே முப்பது வருஷம் முன்னாடி எழுதின அதே சண்முக கவசம். கால் கூடியது. 1929-ல் திருவான்மியூரில் சமாதி அடைந்தார்.

அவர் பாடியவை மொத்தம் 6666 பாடல்கள். அறுபது வருஷத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் நூறு. அந்த முதல் நூறு நாள் வேகம் இல்லைதான், ஆனா ஆயுசு முழுக்க விடாமல் இருந்ததுதான் பெரிசு.

முருகன் அருள் இருந்தா தானா எழுத வரும்னு காத்திருக்கிறவங்க நம்மில் நிறைய பேர். சுவாமிகள் அருளுக்காகச் சும்மா காத்திருக்கவில்லை. தினமும் ஓலையோடு உட்கார்ந்தார். எழுதணும்னு ஆசை இருக்கிறவங்க, இன்னிக்கு மதியம் சாப்பிடுறதுக்கு முன்னாடி நாலு வரி எழுதிப் பாருங்க. நாளைக்கும் எழுதுங்க.

வேலும் மயிலும் துணை!