இந்திரலால் ரோய்: இரண்டு வாரக் கணக்கு

லூயிஷாமில் எமது வீட்டின் மேல்மாடி அறையிலிருந்து இரவு எட்டு மணிக்குப் பிறகு விமானச் சத்தம் வரும். பதினேழு வயது மகன் கணனியில் சண்டை விமானம் ஓட்டுகிறான். பார்வையாளர் இல்லாத விளையாட்டு அது. கையில் ஒரு பிடி, காலடியில் இரண்டு மிதி, தலையில் ஒலிவாங்கி மாட்டிய கவசம். முதல் நாள் அவன் கவசத்தைச் செருக மறந்துவிட்டான். சத்தம் வீடு முழுக்க இறங்கியது. குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நாம் கோப்பையை வைத்துவிட்டு நின்றோம். கால் தானாகவே பின்கதவுப் பக்கம் போனது. அங்கே பங்கர் இல்லை, குப்பைத் தொட்டிதான் இருக்கிறது என்று விளங்கச் சில வினாடிகள் எடுத்தன.

எமது தலைமுறையும் விமானங்களைப் படித்த தலைமுறைதான். தெரிவு மட்டும் எம்முடையதாக இருக்கவில்லை. சியாமாச்செட்டி எப்படி இரையும், பதியும்போது சத்தம் எப்படி மாறும், புக்காராவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம், கிபிர் என்றால் சத்தம் கேட்கும்போதே காலம் பிந்திவிடும் என்பதெல்லாம் வணிகமாணிப் பாடத்திட்டத்துக்கு வெளியே நாம் சித்தியடைந்த பாடங்கள்.

மகன் முதலில் தெரிவு செய்தது ஜேர்மனியரின் போக்கே-வுல்ப் 190. வேகம் கூடியது, துவக்குகள் கூடியவை என்று காரணம் சொன்னான். நாம் அவனோடு வாதாடவில்லை. எமது வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், கற்ஃபோர்ட்டில் உள்ள சாண்ட்ஹேர்ஸ்ட் றோட் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் சொன்னோம். 1943 ஜனவரி 20ஆம் திகதி மதியம் அதே வகை விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு போட்டது. 38 பிள்ளைகளும் 6 ஆசிரியர்களும் செத்துப்போனார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து முதலாம் உலகப்போர் விமானங்களுக்கு மாறிவிட்டான். நாம் சொன்னதால்தான் என்று உரிமை கோரமாட்டோம். பழைய விமானங்கள் மெதுவாகப் பறப்பதால் பழகுவதற்கு வசதி என்று அவனுடைய சிநேகிதர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே வந்ததும் அவனுக்கு ஒரு கேள்வி. பிரித்தானியப் பக்கத்தில் இரண்டு பெயர் பெற்ற விமானங்கள்: சொப்வித் கமல், எஸ்.ஈ.5ஏ. இதில் எதைப் பழகுவது? ஐந்தொகை பார்ப்பதுபோல இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிய இடத்தில்தான் இந்திரலால் ரோய் எமக்கு எதிர்ப்பட்டார்.

1898 டிசம்பர் 2ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தவர். பூர்வீகம் இன்றைய வங்காளதேசத்தின் பரிசால். தகப்பனார் பியாரி லால் ரோய் பாரிஸ்டர். தாயார் லொலிதா ரோய் பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்து குடியிருந்தார். இந்தத் தாயாரையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1911இல் லண்டனில் நடந்த பெரிய ஊர்வலத்தில் இந்தியப் பெண்களின் அணியில் சேலையோடு நடந்தவர்களில் அவரும் ஒருவர். படம் இன்றும் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் லண்டன் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். இந்திரலால் ஹமர்ஸ்மித்தில் இருந்த சென்ற் போல்ஸ் பள்ளியில் படித்தார். ஒக்ஸ்போர்ட்டின் பேலியல் கல்லூரிக்குப் புலமைப்பரிசிலும் கிடைத்தது. எந்தத் தமிழ்த் தாய் தகப்பனும் இந்த இடத்தில் பிள்ளை கரைசேர்ந்துவிட்டது என்று மூச்சு விடுவார்கள்.

ஆனால் போர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலேயே ஒரு பதுங்குகுழி மோட்டாரை வரைந்து போர் அமைச்சுக்கு அனுப்பிய பிள்ளை அவர். பறக்கும் படையில் சேர விண்ணப்பித்தார். கண்பார்வை போதாது என்று திருப்பிவிட்டார்கள். தன்னுடைய மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் வைத்தியர் ஒருவரிடம் இரண்டாவது அபிப்பிராயம் வாங்கி, அந்தத் தீர்ப்பை மாற்றினார் என்று சொல்வார்கள். 1917 ஏப்ரலில் றோயல் ஃப்ளையிங் கோரில் சேர்ந்தபோது வயது 18.

பிரித்தானியப் படையில் அதிகாரிப் பதவி ஐரோப்பிய வம்சாவளியினருக்கே என்பதுதான் அன்றைய விதி. போரின் நெருக்கடியில் நான்கு இந்தியர்களுக்கு வாசல் கொஞ்சம் திறந்தது. ஹர்தித் சிங் மாலிக், சிறி கிருஷ்ண வெலிங்கர், எரோல் சந்தர் சென், இந்திரலால் ரோய். இந்த நால்வரும் பறந்த விமானங்களை வரிசைப்படுத்தினாலே மகனின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும். மாலிக்கும் சென்னும் கமல் ஓட்டினார்கள். சென் 1917 செப்ரெம்பரில் பிடிபட்டுக் கைதியானார். தலைப்பாகையின் மேல் தனியாகச் செய்வித்த தலைக்கவசம் போட்டுப் பறந்த மாலிக், ஒக்ரோபரில் காலில் குண்டுபட்டு, விமானம் சல்லடையாகியும் இறங்கித் தப்பினார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் தூதராகி, 1985இல்தான் காலமானார். வெலிங்கர் ஓட்டியது சொப்வித் டொல்பின். 1918 யூன் கடைசியில் இறந்தார். ரோய் ஓட்டியது எஸ்.ஈ.5ஏ.

கமல் என்றால் ஒட்டகம். முதுகுபோலக் கூனிய முன்பக்கத்தால் வந்த பெயர். இயந்திரம், எண்ணெய், துவக்குகள், விமானி எல்லாம் மூக்குக்குள் நெருக்கியிருக்கும். இயந்திரத்தின் சிலிண்டர்களே சுழலும் வகை என்பதால் பம்பரம்போல ஒரு பக்கம் இழுக்கும். பழகியவன் கையில் வலப்பக்கம் மின்னலாய்த் திரும்பும். பழகாதவனை நிலத்தில் குத்திவிடும். பயிற்சியிலேயே பலரைக் கொன்ற விமானம் அது. எஸ்.ஈ.5ஏ வேறு குணம். தண்ணீரால் குளிரும் எட்டுச் சிலிண்டர் இயந்திரம், மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் வேகம், குத்தென்று இறங்கினாலும் இறக்கை தாங்கும். திரும்புவதில் கமலிடம் தோற்கும். ஒரு துவக்கு மூக்கின் மேல், மற்றது மேல் இறக்கையின் மேல். அந்த மேல் துவக்கின் தட்டில் 97 ரவைகள். அவை முடிந்தால் துவக்கைத் தண்டவாளத்தில் கீழே இழுத்து, முழங்காலுக்கிடையில் பிடியை வைத்துக்கொண்டு, பறக்கும் காற்றில் தட்டை மாற்ற வேண்டும்.

நான்கு மாதம் அளவில் பயிற்சி. ஸ்கொட்லாந்தின் ரேன்பெரியில் சுடும் பயிற்சி. 1917 ஒக்ரோபர் 30இல் 56ஆம் அணிக்குப் போனார். எஸ்.ஈ.5 ரகத்தை முதன்முதலில் போருக்குக் கொண்டுபோன அணி அது. மக்கடன் போன்ற பெரிய கைகள் இருந்த இடம். புதியவருக்கு அங்கே நின்று பிடிப்பது லேசல்ல. டிசம்பர் 6ஆம் திகதி இந்திரலால் விமானத்தை மோதி நொறுக்கினார். எதிரி யாரும் சுடவில்லை. விமானம் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். செத்துவிட்டார் என்று பிணவறையில் போட்டார்கள், எழுந்து கதவைத் தட்டினார் என்று ஒரு கதை பல இடங்களில் வருகிறது. வவுச்சர் இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றாத தொழில் எமது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

இனிப் பறக்க முடியாது என்று மருத்துவர்கள் எழுதினார்கள். தரையில் பொருட்கள் பார்க்கும் அதிகாரியாக வைத்தார்கள். படுக்கையில் கிடந்த காலத்தில் அவர் விமானங்களை வரைந்தார். சண்டைக் காட்சிகள், இறக்கையின் சரிவு, எதிரி விமானத்தின் வால் எல்லாம் பென்சிலில். அந்த வரைபடங்கள் டெல்லியில் இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓட்ட முடியாத காலத்தில் கண்ணாலும் கையாலும் அவர் அதே பாடத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார் என்றே நமக்குப் படுகிறது. விமானி தரையிலிருந்தே பழக ஒரு நல்ல இயந்திரத்தை எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தகப்பனின் ஓர்கன் தொழிற்சாலைத் துருத்திகளை வைத்து உருவாக்கியது 1929இல். இந்திரலாலுக்கு அந்த வசதி இல்லை. விழுந்தால் மெய்யாகவே விழ வேண்டும்.

மேலிடத்தை விடாமல் கேட்டுக்கேட்டு, மருத்துவர்களின் முடிவை மறுபடியும் மாற்றுவித்தார். இரண்டாவது முறை. மீண்டும் பயிற்சி. 1918 யூன் மாதம் 40ஆம் அணி. அங்கேயும் எஸ்.ஈ.5ஏதான். இந்த இடத்தை நாம் மகனுக்கு இரண்டு தரம் சொன்னோம். தன்னை உடைத்த விமானத்தைக் கைவிட்டு வேறொன்று தேடாமல், அதற்கே திரும்பி வந்தார். படையில் தெரிவு அவருடைய கையில் எவ்வளவு இருந்தது என்பது வேறு கதை என்று மகன் திருப்பிச் சொன்னான். நியாயமான ஆட்சேபம்.

புதிய அணியில் அவருக்குத் தலைவராக வாய்த்தவர் ஜோர்ஜ் மக்கெல்றோய் என்ற ஐரிஷ்காரர். அவர் மனொக்கிடம் பாடம் கேட்டவர். முன்னர் கிடைக்காத வழிகாட்டல் இங்கே கிடைத்தது என்று நினைக்கிறோம். யூலை 6ஆம் திகதி முதலாவது வெற்றி. யூலை 8இல் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13இல் இரண்டு, 15இல் இரண்டு, 18இல் ஒன்று. 19ஆம் திகதி கடைசி. இரண்டு வாரத்தில் மொத்தம் பத்து. ஒரு கணக்காளராக இந்தப் பத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டும். இதில் இன்னொருவரோடு பங்கிட்டவையும் உண்டு. நொறுங்கியதைக் காணாமல், கட்டுப்பாடு இழந்து விழுந்ததாகப் பதிந்தவையும் உண்டு. காசு கைக்கு வருமுன் வருமானமாக எழுதுவதுபோல. பிரித்தானிய விமானிகள் எல்லோருக்கும் அன்று அதே முறைதான். மொத்தப் பறப்பு 170 மணி நேரம் அளவில் என்பார்கள். மகன் இந்த வருடம் கணனியில் பறந்தது அதைவிடக் கூட.

யூலை 22. கார்வின் ஊரின் மேல் ஜேர்மனியரின் போக்கர் டி7 விமானங்களோடு சண்டை. அந்த விமானத்தை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூக்கை மேலே தூக்கி உந்துகாற்றாடியில் தொங்கிக்கொண்டே சுடும். எஸ்.ஈ.5ஏ அந்த நிலையில் பதில் சொல்லாது. தீப்பிடித்து விழுந்தார். வயது 19, இருபதுக்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல். மனொக் நான்கு நாள் கழித்தும், மக்கெல்றோய் ஒன்பது நாள் கழித்தும் இறந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர், படித்தவர் எல்லோரும் பத்து நாளுக்குள்.

செப்ரெம்பரில் டி.எவ்.சி. பதக்கம் அறிவித்தார்கள். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். அடுத்த ஏப்ரலில், அவர் செத்து ஒன்பது மாதத்தில், அதே சாம்ராச்சியத்தின் படை அமிர்தசரஸில் சனத்தைச் சுட்டது. இந்த இரண்டு திகதிகளையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தால் மனம் ஒரு பக்கமும் சாயாது. வந்து குடியிருந்த நாட்டின் சண்டையைத் தன் சண்டையாக எடுத்த பிள்ளையை நாம் குறை சொல்லவும் முடியவில்லை, நம் பிள்ளைக்கு உதாரணமாக நிறுத்தவும் முடியவில்லை. கல்கத்தாவின் பவானிப்பூரில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. 1998இல் இந்தியா முத்திரை வெளியிட்டது. அவருடைய உறவினரான சுப்ரதோ முகர்ஜி 1954இல் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியானார்.

மகனோடு ஒரு சனிக்கிழமை ஹென்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனோம். லூயிஷாமிலிருந்து பாங்க் வரை டீஎல்ஆர், பிறகு கொலின்டேலுக்கு நோர்தேண் லைன். அங்கே ஓர் எஸ்.ஈ.5ஏ நிற்கிறது. மரமும் துணியும் கம்பியும். தச்சன் ஒருவர் முற்றத்தில் செய்து முடித்ததுபோல இருந்தது. அவன் மேல் துவக்கின் தண்டவாளத்தை வெகுநேரம் பார்த்தான். தான் ஒரு விசையைத் தட்டி மாற்றும் தட்டைப் பறக்கும் காற்றில் கையால் மாற்றியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியதுபோல. திரும்பி வரும்போது ரயிலில் அவன் கேட்டது வேறு: கிபிர் மேலே வந்தபோது நீங்கள் அதை நிமிர்ந்து பார்த்தீர்களா, அப்பா என்று. பார்த்தோம் என்று சொன்னோம். அதற்கு மேல் இருவரும் கதைக்கவில்லை.

அவன் இப்போது கமலைத் தொடுவதில்லை. எஸ்.ஈ.5ஏயிலும் சண்டைக்குப் போவது குறைவு. ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறான். அந்த எட்டுச் சிலிண்டர் சத்தம் எமக்கும் பழகிவிட்டது. எந்த இடத்தில் குறைக்கிறான், எந்த இடத்தில் சக்கரம் நிலத்தில் தட்டுகிறது என்று குசினியிலிருந்தே சொல்லுவோம். அவருடைய கல்லறை பிரான்சில் எஸ்தெவெல் என்ற சிற்றூரின் மயானத்தில் இருக்கிறது. கல்லில் வங்காளத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறது. கலேயிலிருந்து பாரிஸ் லா சப்பலுக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள் லென்ஸ் பக்கத்தைக் கடந்துதான் போகிறோம். அங்கிருந்து சிறிது தூரம். இத்தனை வருடம் சாமான் வாங்கவும் கலியாண வீடுகளுக்கும் போய்வந்த பாதை. யூலைக் கடைசியில் பாரிஸில் ஒரு சாமத்தியவீடு இருக்கிறது. மகன் வரைபடத்தில் ஊரைக் குறித்து வைத்திருக்கிறான். எமது மனைவி பூவை லூயிஷாம் சந்தையிலேயே வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா என்று கேட்டிருக்கிறார்.