நீர்மலையில் கனிந்த வீரம்

மனிதர் ஆண்டுகளால் மூப்பெய்துவர், பக்குவத்தால் முதிர்வர். இவ்விரண்டும் ஒன்றல்ல. நரையும் திரையும் அழையாமலே வருவன. பக்குவமோ வருந்திப் பெற வேண்டுவது. ஆசையும் வேகமும் அற்றுப்போவதே பக்குவம் என்று கருதுவாரும் உளர். அது வற்றிப் போதலேயன்றிக் கனிதல் ஆகாது. காயில் இருந்த சாறுதான் கனியிலும் இருக்கின்றது. துவர்ப்பு மட்டுமே இனிப்பாக மாறிற்று. இதற்குத் திருமங்கையாழ்வாரின் திவ்ய சரித்திரத்தைக் காட்டிலும் சிறந்த விளக்கம் தேட வேண்டுவதில்லை. அச்சரித்திரத்தில், பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் அணித்தாக விளங்கும் நம் திருநீர்மலைக்கும் சிறப்பானதோர் இடம் உண்டு.

சோழ நாட்டில் சீர்காழிக்கு அருகேயுள்ள திருக்குறையலூரில், கார்த்திகைத் திங்கள் கார்த்திகைத் திருநாளில் அவதரித்தவர் ஆழ்வார். பெற்றோர் இட்ட பெயர் நீலன். படைத்தொழிலில் வல்லவராகிச் சோழ மன்னனின் சேனைத் தலைவராய் உயர்ந்து, ஆலிநாட்டின் அதிபதியுமானார். பகைவர்க்குக் காலன் போன்றவர் ஆதலின் பரகாலன் என்ற விருதுப்பெயரும் வாய்த்தது. அவர் காலம் கி.பி. எட்டாம் நூற்றாண்டு என்பர் ஆராய்ச்சியாளர் பலர். காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடுமிடத்துப் பல்லவ மன்னனின் போர்ச்செயல்களை ஆழ்வார் போற்றுகின்றார். அக்கோயிலை எடுப்பித்தவன், 731-இல் அரியணை ஏறியதாகக் கணிக்கப்படும் இரண்டாம் நந்திவர்மன்.

ஆடல்மா என்னும் குதிரையும் நான்கு துணைவரும் அவரை விட்டு நீங்காதிருந்தனர் என்கிறது குருபரம்பரை. வாதில் தோற்றறியாதவன் தோலா வழக்கன். பூட்டிய தாழை ஊதியே திறப்பவன் தாளூதுவான். பிறர் நிழலில் புகுந்து மறைபவன் நிழலில் மறைவான். வெள்ளத்தின்மீது தரையிற்போல் நடப்பவன் நீர்மேல் நடப்பான். தடை என்று ஒன்றை அறியாதவருக்கு வாய்த்த துணைவர் இவர்கள். இவர்களுள் நீர்மேல் நடப்பானை அன்பர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

திருவெள்ளக்குளத்தில் வளர்ந்த குமுதவல்லியாரைக் கண்டு நீலன் மணம்புரிய விழைந்தார். திருவிலச்சினை பெற்ற ஸ்ரீவைஷ்ணவரையன்றி மணப்பதில்லை என்றார் அவ்வம்மையார். நீலன் அக்கணமே திருநறையூர் நம்பியின் திருமுன் சென்று அதனைப் பெற்று மீண்டார். நாள்தோறும் 1,008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு ஓராண்டுக் காலம் அமுது செய்விக்க வேண்டும் என்பது அம்மையாரின் அடுத்த நிபந்தனை. அதற்கும் இசைந்தார். விரும்பியதைப் பெற எதையும் செய்யத் துணிந்த நெஞ்சம் அது. அடியார்க்கு அமுதிடும் கைங்கர்யத்தின் சுவை அந்நெஞ்சத்தில் ஊறத் தொடங்கியதும் அப்போதுதான்.

ததீயாராதனம் பெருகப் பெருகப் பொருள் கரைந்தது. மன்னனுக்குச் செலுத்த வேண்டிய திறைப்பணமும் அதிலேயே செலவாயிற்று. மன்னன் சினந்து சிறையிலிட்டான். காஞ்சிப் பேரருளாளன் கனவில் தோன்றி, வேகவதிக் கரையில் புதையல் இருக்குமிடத்தைக் காட்டியருள, கடன் தீர்ந்தது. அப்பொருளும் தீர்ந்த பின்னர், நீலன் வழிப்பறியில் இறங்கினார். தமக்கென ஒரு காசும் வைத்துக்கொள்ளாமல் அனைத்தையும் அடியார்க்கே செலவிட்டார் என்பது உண்மை. ஆயினும் வழிப்போக்கர் இழந்தது இழந்ததுதான். நோக்கம் தூயதாயின் வழி எதுவாயினும் குற்றமில்லை என்று எண்ணுவது பக்குவமடையாத நெஞ்சின் இயல்பு. நல்ல காரியத்தில் ஈடுபட்டோரையே இம்மயக்கம் மிகுதியாகப் பற்றும். பிறருக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் மனச்சான்றின் வாயை எளிதில் அடைத்துவிடுகின்றது.

இம்மயக்கம் திருமணங்கொல்லையில் தீர்ந்தது. எம்பெருமானும் பிராட்டியும் மணக்கோலத்தில் அவ்வழியே எழுந்தருள, நீலன் வாளுருவி மறித்து அணிகலன்கள் யாவற்றையும் பறித்தார். கழலாத கால்மோதிரம் ஒன்றைப் பல்லாற் கடித்து வாங்கினார். அம்மிடுக்கைக் கண்டே எம்பெருமான் கலியன் என்ற திருநாமம் சாற்றினான் என்பர். பின்னர்ப் பொருள் மூட்டையைத் தூக்க முயன்றார், அது அசையவில்லை. அதுவரை தம் தோள்வலியால் ஆகாதது எதையும் அவர் கண்டதில்லை. மந்திரம் போட்டதுண்டோ என மணமகனை மிரட்டினார். அதற்கு விடையாகத் திருமந்திரமே செவியில் விழுந்தது. கொள்ளையடிக்க வந்தவருக்குக் கேளாமலே கிடைத்த பெருநிதி அது. வீணே கழிந்த நாள்களுக்கு இரங்கியும், நாராயண நாமத்தைக் கண்டுகொண்டமைக்கு மகிழ்ந்தும் பாடிய பதிகமே 1,084 பாசுரங்கள் கொண்ட பெரிய திருமொழியின் தொடக்கமாயிற்று.

மனம் திரும்புவது ஒரு கணத்தில் நிகழலாம். திரும்பிய மனம் பழுப்பதற்கோ காலம் வேண்டும். அதனைத் திருநீர்மலையில் காண்கிறோம். பெரிய திருமொழியின் இரண்டாம் பத்து, திருவேங்கடத்தில் தொடங்கித் திருவெவ்வுள், திருவல்லிக்கேணி, திருநீர்மலை, கடல்மல்லை, திருவிடவெந்தை எனத் தென்திசை நோக்கி நடக்கின்றது. அவ்வழியில் ஆழ்வார் நீர்மலையை அடைந்தபோது, மலையைச் சூழ்ந்து வெள்ளம் பரந்து கிடந்ததாம். ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்த பின்னரே சென்று ஸேவித்தார் என்பது ஐதிஹ்யம். 2015 டிசம்பர்ப் பெருமழையில் அடையாற்று வெள்ளம் தாம்பரத்தின் மேற்கே முடிச்சூர்ப் பகுதியைச் சூழ்ந்ததைக் கண்ட நம்மவர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது.

வியப்பளிப்பது வேறொன்று. நீர்மேல் நடப்பான் என்ற துணைவனை உடையவர் நீரைக் கண்டு நின்றார்! கழலாத மோதிரத்தைக் கடித்து வாங்கியவர், வடியாத வெள்ளத்தின் கரையில் அமர்ந்தார். பொருளைப் பறிக்கலாம்; தரிசனத்தைப் பறிக்க இயலாது. அது அவன் தரும்போது பெற வேண்டுவது. இதனை உணர்ந்த கணத்தில் வீரம் பொறுமையாகக் கனிந்தது. வேகம் குன்றியதால் நின்றாரல்லர். வேகத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தமையால் நின்றார். இயலாதவன் காத்திருப்பதில் பெருமை இல்லை. இயன்றவன் காத்திருப்பதே பக்குவம்.

அக்காத்திருப்புக்கு நீர்மலை அளித்த பரிசு என்ன? அடிவாரத்தில் நீர்வண்ணனாய் நின்ற கோலம்; மலைமேல் நரசிங்கனாய் இருந்த கோலம், அரங்கநாதனாய்க் கிடந்த கோலம், உலகளந்தானாய் நடந்த கோலம். திருநறையூரில் நின்றும், திருவாலியில் இருந்தும், குடந்தையில் கிடந்தும், திருக்கோவலூரில் நடந்தும் காட்சியளிப்பவனுக்கு உரிய இடம் இம்மாமலையே என்று ஆழ்வார் இங்கு மங்களாசாஸனம் செய்தார். ஓடுவதொன்றையே அறிந்திருந்தவருக்கு, நிற்றலும் இருத்தலும் கிடத்தலும் நடத்தலும் ஆகிய நான்கும் ஒருங்கே வாய்த்தன.

இதன் பின்னர் அவர் வாழ்வில் வேகமே இல்லை என எண்ணலாகாது. திருவரங்கத்து மதிற் கைங்கர்யத்துக்காக நாகப்பட்டினத்துப் பொற்பிரதிமையைக் கவர்ந்த செய்தியும் குருபரம்பரையில் உண்டு. இன்று அதனைப் படிக்கும் நெஞ்சம் கூசவே செய்யும். நம் முன்னோர் அதனை மறைக்கவில்லை. பக்குவம் ஒருமுறை பெற்று முடித்துவிடும் பொருளன்று. பழைய இயல்போடு வாழ்நாள் முழுதும் நிகழும் போராட்டம் என்பதையே இது காட்டுகின்றது. அம்மதிலை எழுப்புகையில் தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனம் குறுக்கிட்டது. அதற்கு ஊறு நேராவண்ணம் மதிலை ஒதுக்கிக் கட்டினார் கலியன். பொன்னுக்கும் அரசாணைக்கும் வளையாதவர் ஓர் அடியாரின் துளசிச் செடிகளுக்கு வளைந்தார். நம்மாழ்வாரின் திருவாய்மொழியைத் திருவரங்கத் திருவிழாவில் ஓதும் ஏற்பாட்டைச் செய்தவரும் அவரே. ஆறு பிரபந்தங்கள் அருளிய பெரும்புலவர், தம் வாக்குக்கு மேலாக மற்றோர் ஆழ்வாரின் வாக்கை விழாவில் எழுந்தருளச் செய்தார். வாழ்வின் நிறைவில் திருக்குறுங்குடியில் திருநாடு அலங்கரித்தார்.

திருமங்கை மன்னனின் அர்ச்சைத் திருமேனியைக் கூர்ந்து நோக்குவோர் ஒன்றை உணர்வர். கைகள் குவிந்திருக்கும், ஆயினும் வேல் உடன் இருக்கும். எம்பெருமான் அவ்வேலைப் பறித்துவிடவில்லை. ஏந்திய கைகளைக் கூப்ப வைத்தான். நமக்கு இயல்பாய் அமைந்த வேகமும் ஆசையும் திறமையும் அவ்வாறே கனிய வேண்டுவன. அலுவலுக்கும் இரயிலுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும் நம் தாம்பர வட்டாரத்து அன்பர்கள், திருநீர்மலைப் படியேறும்போது, அந்நாளில் வெள்ளக்கரையில் அமர்ந்திருந்த அவ்வீரரை ஒருகணம் நினைப்பார்களாக.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.