கில்பர்ட் ஒயிட் பாதிரியார்

இயற்கையின் அற்புதங்களைக் காண்டற்குக் கடல் கடந்து செல்லவேண்டுமென எண்ணுவார் பலர். தம் வீட்டுப் புறக்கடையிலேயே, ஆயுள் முழுதும் கண்டும் தீராத அற்புதங்களைக் கண்ட ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இங்கிலாந்தின் தென்பாலுள்ள ஹாம்ப்ஷயரில், செல்பர்ன் என்னும் சிற்றூரில், 1720-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ஆம் நாள் கில்பர்ட் ஒயிட் பிறந்தார். ஆக்ஸ்போர்டு ஓரியல் கல்லூரியில் பயின்று, 1743-ல் பட்டம் பெற்றார். பின்னர்த் திருச்சபையில் குருப்பட்டம் ஏற்று, செல்பர்னிலும் அயலூர்களிலும் உதவிக் குருவாக ஊழியஞ் செய்தார். மணம் புரிந்திலர். பிறந்த ஊரைவிட்டு நெடிது அகல அவர்க்கு மனமும் இல்லை.

1751-ல் தோட்டக் குறிப்புக்களை எழுதத் தொடங்கினார். 1768 முதல் தம் இறுதிக்காலம்வரை மழையும் குளிரும் பறவைகளின் வருகையும் நாட்குறிப்பில் இடம்பெற்றன. இறந்த பறவைகளின் தோலை ஆராய்வதே அறிவெனப் பலர் கருதிய அந்நாளில், இவர் உயிருள்ள பறவைகளின் நடையையும் குரலையும் ஆராய்ந்தார். ஒன்றெனவே தோன்றும் கதிர்க்குருவிகள் மூவகைப்படும் என்பதைக் குரல் வேறுபாடுகொண்டே தெளிந்தார்.

பனிக்காலத்தில் புழுபூச்சி அருகியபோது, அவற்றையே உண்ணும் சிறு பறவைகள் எங்ஙனம் பிழைக்கின்றன? இவ்வினா அவரை விடவில்லை. வாலாட்டிக்குருவிகள் உறையாத ஊற்றுக்கண்களை நாடின. வேலிக்குருவிகள் சாக்கடையோரத்தில் அப்பத்துணுக்குகளைப் பொறுக்கின. பெரிய பட்டாணிக்குருவி கூரைத் தாளை ஒவ்வொன்றாய் இழுத்து, உள்ளே ஒதுங்கிய ஈக்களைத் தின்றது. நீலப் பட்டாணிக்குருவியோ கொழுப்பை விரும்பி இறைச்சிக்கடைகளைச் சுற்றியது. 1776-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் பாரன்ஹீட் வெப்பமானி பூஜ்யத்திற்கு இறங்கியது. அக்கொடுங்குளிரில் வானம்பாடிகள் அச்சந் துறந்து நகர வீதிகளில் இறங்கியதையும், பசியால் பறவைகள் நலிந்ததையும் அவர் இரக்கத்தோடு பதிவு செய்துள்ளார்.

தகைவிலான் குருவிகள் பனிக்காலத்தை எங்கே கழிக்கின்றன என்பதே அவர்க்குத் தீராத ஐயம். ஜிப்ரால்டரிலிருந்த தம்பி ஜான், அவை கடல் கடப்பதாக எழுதினார். ஆயினும் சில குருவிகள் இங்கிலாந்திலேயே மறைந்துறங்குமோ என இவர் ஐயுற்றார். 1781-ல் ஊரையடுத்த குன்றச்சரிவின் புதர்களை ஆட்களைக்கொண்டு தேடுவித்தார். உறங்கும் குருவி ஒன்றேனும் அகப்படவில்லை. அதனையும் மறையாது எழுதிவைத்தார். இங்கிலாந்தில் 1911-ல் காலில் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அகப்பட்டபோது அவ்வையத்திற்கு விடை கிடைத்தது. விடை காணாது மறைந்தாரெனினும், வினாவைத் தூய்மையாக விட்டுச் சென்றார்.

பென்னன்ட், பாரிங்டன் என்னும் அறிஞர் இருவர்க்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்துச் செல்பர்னின் இயற்கை வரலாறு என்னும் நூலை 1789-ல் வெளியிட்டார். அது இன்றளவும் பதிப்பிக்கப்பெற்று வருகின்றது. 1793-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். செல்பர்ன் கோயில் வளாகத்தில், பெயரின் முதலெழுத்துக்களும் இறந்த நாளும் மட்டுமே பொறித்த எளிய கல்லின்கீழ்த் துயில்கின்றார்.

மாணவ நண்பர்களே, பெருங்கருவிகளும் பெருஞ்செல்வமும் இல்லையே என நாம் ஏங்கவேண்டா. கண்டதைக் கண்டவாறு எழுதும் வாய்மையும், நாள்தோறும் நோக்கும் பொறுமையும் உளவாயின், நம் புறக்கடையும் ஒரு கலாசாலையேயாம்.