கம்பியில் விமானம் விட்டவர்

பத்தாம் வகுப்பு மாணவி, சேரம்பாடி

விமானம் என்றதும் ரைட் சகோதரர்களின் பெயர்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் தரையில் நின்றபடியே, இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்துச் சின்னஞ்சிறு விமானத்தை ஓட்டும் கலையை உலகெங்கும் பரப்பிய ஜிம் வாக்கரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மாதிரி விமானம் விடுவோர் எல்லாருக்கும் தெரிந்த பெயர் அது. எனக்குச் சென்ற விடுமுறையில்தான் தெரிந்தது. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் பெரியம்மா மகன் என்.சி.சி. விமானப் பிரிவில் இருக்கிறார். அந்த அண்ணன்தான் சொன்னார்.

வாக்கர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் வாழ்ந்தவர். அமெரிக்கன் ஜூனியர் என்ற பெயரில் நிறுவனம் நடத்தி, எடை குறைந்த பால்சா மரத்தில் சிறுவர்களுக்கான விமானங்கள் செய்து விற்றார். அக்காலத்தில் எஞ்சின் வைத்த மாதிரி விமானத்தை விட்டால், அது காற்று போன போக்கில் போகும். எரிபொருள் தீர்ந்த பின் எங்காவது இறங்கும். பல வாரம் உழைத்துச் செய்ததை ஓடி ஓடித் தேட வேண்டும். நம் ஊரில் அப்படி விட்டால் தேயிலைத் தோட்டத்திலோ, கேரள எல்லைக்கு அப்பாலோதான் தேட வேண்டியிருக்கும்!

இதற்கு வாக்கர் கண்ட வழி எளிமையானது. 1940-ஆம் ஆண்டு ஃபயர்பால் என்ற விமானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் விமானத்தின் இறக்கை வழியாகச் சென்று, உள்ளே அச்சில் ஆடும் சிறு தகடு ஒன்றின் இரு முனைகளில் சேரும். கைப்பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், மற்றது விட்டுக்கொடுக்கும். தகடு திரும்பும், அது வாலில் உள்ள எலிவேட்டரை அசைக்கும். மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். கவண் கல்லைச் சுற்றும்போது அது கையை வெளியே இழுக்கும் அல்லவா? அதே விசைதான் இங்கும் கம்பிகளை விறைப்பாக வைக்கிறது. அறுபது அடிக் கம்பி என்றால், நூற்றிருபது அடி வட்டத்திற்குள் பறப்பு முழுவதும் அடங்கிவிடும். ஒரு பள்ளி மைதானம் போதும். அவர் இதற்கு யூ-கண்ட்ரோல் என்று பெயரிட்டு, 1942-இல் காப்புரிமையும் பெற்றார்.

வாக்கர் நல்ல வித்தைக்காரரும்கூட. கைக்கு ஒன்றாக இரண்டு, தலையில் மாட்டிய கருவியால் இன்னொன்று என ஒரே நேரத்தில் மூன்று விமானங்களை ஓட்டிக் கூட்டத்தை வியக்க வைத்தார். வானொலி அலையால் இயங்கும் புல்வெட்டும் இயந்திரமும் செய்தார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் சுட்டுப் பழக அவருடைய சிறு விமானங்கள் பயன்பட்டன.

இவ்வளவும் கேட்டு, அவரே முதல்வர் என்று எழுதிவிட்டேன். பிறகுதான் அண்ணன் மற்றதையும் சொன்னார். அதே ஓரிகனில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் 1930-களிலேயே மிஸ் ஷெர்லி என்ற பெரிய மாதிரி விமானத்தைப் பல கம்பிகள் கட்டி ஓட்டியிருக்கிறார். சிறு எஞ்சின்கள் செய்து விற்ற லீராய் காக்ஸுக்கும் வாக்கருக்கும் நடந்த வழக்கில், 1955-இல் இந்தச் செய்தி நீதிமன்றத்தின் முன் வந்தது. வாக்கரின் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று எங்கள் வகுப்பு சிஸ்டரிடம் கேட்டேன். கிழிக்க வேண்டாம், இரண்டையும் எழுது என்றார்கள். செயின்ட் கிளேர் முந்தியவர்தான். ஆனால் வாக்கர் ஊர் ஊராக ஓட்டிக் காட்டியிராவிட்டால் இது அந்தச் சிற்றூரோடு நின்றிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1958-இல் வாக்கர் காலமானார். அமெரிக்காவின் தேசியப் போட்டியில், கம்பி விமான சாகசப் பிரிவில் வெல்பவருக்கு இன்றும் வாக்கர் கோப்பைதான். நம் நாட்டிலும் என்.சி.சி. விமானப் பிரிவின் அகில இந்திய முகாமில் கம்பி விமானப் போட்டி உண்டு, மாணவிகளும் கலந்துகொள்கிறார்கள்.

அண்ணன் ஒருநாள் என் கையிலும் கைப்பிடியைத் தந்தார். எரிபொருளில் எஞ்சினின் வழவழப்புக்காக விளக்கெண்ணெய் கலப்பார்களாம். பாட்டி கொடுக்கும் அதே வாடை! விமானத்தோடு நானும் சுற்றினேன். நான்காவது சுற்றில் தலை கிறுகிறுத்தது. ஆனாலும் கம்பி என் கையை இழுத்துக்கொண்டே இருந்தது, கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பது போல.